இரண்டாயிரம் வெள்ளிக்குக் காற்பந்தில் என்ன வாங்கலாம்?

அக்கா மகனுக்கு வேலையில் சேர்ந்தபின் முதல் போனஸ் வந்திருக்கிறது. தேக்கா நிலையத்தில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். திரையில் மான்செஸ்டர் யுனைடெட் பங்கின் விலை, அதற்குக் கீழே ‘வாங்கு’ என்று ஒரு பொத்தான். “ரெண்டாயிரம் வெள்ளிக்கு வாங்கப் போறேன் மாமா. அப்புறம் நானும் ஓனர்தானே?” என்றான்.

தொடக்கப் பள்ளியிலிருந்தே அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருக்கிற பிள்ளை. நானோ லிவர்பூல்காரன். எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றால் பொறாமை என்றுதான் நினைப்பான். “கையைத் துடைச்சிட்டு வா, பேசலாம்” என்றேன். பேச்சு இரண்டு தே தாரிக்கைத் தாண்டிப் போயிற்று. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவன், முதலீட்டு ஆலோசகன் இல்லை. கணக்குப் பார்க்கிறவனின் சந்தேகப் புத்தியோடுதான் இதைப் படிக்க வேண்டும்.

“பணம் பெருகணுமா, கிளப் விவகாரத்துல உன் பேச்சு எடுபடணுமா, இல்ல ஜெர்சி மாதிரி இதுவும் ஒரு ஆசைக்கா?” என்று கேட்டேன். “மூணுக்கும்தான்” என்றான். அங்கேதான் சிக்கல். பங்கு விற்கிற இடத்தில் குரல் விற்பதில்லை. குரல் கிடைக்கிற இடத்தில் போட்ட பணம் பெருகுவதில்லை. நான் பார்த்த எல்லா வழிகளிலும் கடைசியில் இந்த முட்டுச்சந்தில்தான் வந்து நின்றிருக்கிறேன்.

அவன் திரையில் இருந்ததிலிருந்தே தொடங்குவோம். மான்செஸ்டர் யுனைடெட் 2012 ஆகஸ்டில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது, பங்கு ஒன்று 14 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு அது சிங்கப்பூருக்கு வருவதாக இருந்த கதை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2011இல் இங்கே 100 கோடி அமெரிக்க டாலர் திரட்டப்போவதாகப் பேச்சு. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை தலையாட்டியும்விட்டது. அந்தச் சில வாரங்களில் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் பங்குத் தரகராகிவிட்டார்கள். அப்புறம் உலகச் சந்தை ஆட்டம் கண்டது. தள்ளிப்போட்டார்கள், கடைசியில் நியூயார்க்குக்கே போய்விட்டார்கள்.

அந்தக் கிளப்பின் பங்கில் இரண்டு வகை உண்டு. நீயும் நானும் சந்தையில் வாங்குவது ஏ வகை, பங்குக்கு ஒரு வாக்கு. கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்திடமும் 2024இல் உள்ளே வந்த பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃபிடமும் இருப்பது பி வகை, பங்குக்குப் பத்து வாக்கு. ஏ வகைப் பங்கு எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டாலும் மொத்த வாக்கில் பத்தில் ஒரு பாகம் தேறாது. இரண்டாயிரம் வெள்ளியை மாற்றி, 16, 17 டாலர் விலையில் வாங்கினால் 90 பங்கு கிடைக்கலாம். அந்த 90 வாக்கைக் கொண்டு கிளப்பின் ஓல்ட் டிராஃபர்ட் அரங்கில் ஒரு விளக்கைக்கூட மாற்றச் சொல்ல முடியாது. பங்கேட்டில் உன் பெயரும் இருக்காது. வெளிநாட்டுப் பங்கு பெரும்பாலும் தரகு நிறுவனத்தின் பெயரில்தான் நிற்கும். உன் கைப்பேசியில் தெரிவது அவர்கள் கணக்கிலுள்ள ஒரு வரி, அவ்வளவுதான்.

சரி, குரல் போகட்டும், பணமாவது? ராட்கிளிஃப் பங்குக்கு 33 டாலர் கொடுத்தபோது பலர் வாயைப் பிளந்தார்கள். ஆனால் சந்தைப் பங்குதாரர்கள் விற்க நீட்டியதில் ஒரு பகுதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மிச்சம் பழையபடி சந்தை விலைக்கே வந்து உட்கார்ந்தது. 2025இல் 14 டாலருக்குக் கீழே இறங்கிய நாள்களும் உண்டு. 2012இல் முதல் நாளே வாங்கி வைத்தவர் பதின்மூன்று ஆண்டு கழித்துப் போட்ட இடத்திலேயே நிற்கிறார் என்று பொருள். இடையில் சில ஆண்டுகள் அரையாண்டுக்கு 9 சென்ட் ஈவுத்தொகை வந்தது, 2022க்குப் பிறகு அதையும் காணோம். அமெரிக்கப் பங்கின் ஈவுத்தொகையில் நம்மிடம் 30 விழுக்காட்டை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு அதற்கான வரி ஒப்பந்தம் இல்லை. விற்று லாபம் வந்தால் இங்கே மூலதன ஆதாய வரி கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் அந்த நாட்டு மரண வரி வேறு துரத்தும். “அந்தக் கவலை உனக்கு இப்ப வேணாம்” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். பங்கு வைத்திருந்தால் யாரும் நம்மைக் கிளப்பிலிருந்து வெளியேற்ற முடியாது என்று நினைக்கிறோம். இதே கிளப் 1991இல் லண்டன் சந்தைக்கு வந்தது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பங்கு வாங்கி வைத்திருந்தார்கள். 2005இல் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு அதை வளைத்தது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். விற்க மாட்டேன் என்று அடம்பிடித்த சின்னப் பங்குதாரர்களிடம் பங்குக்கு 3 பவுண்டு கொடுத்துக் கட்டாயமாக வாங்கிக்கொண்டார்கள். பெரும்பான்மை ஓர் எல்லையைத் தாண்டினால் மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்ள அங்கே சட்டமே இடம் தருகிறது. 2018இல் ஆர்சனலிலும் இதுதான் நடந்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஸ்டான் குரோன்கே கைக்கு எல்லாம் போனபோது, ஒரே ஒரு பங்கைக் குடும்பச் சொத்துபோல வைத்திருந்தவர்களும் 29,000 பவுண்டுக்கு மேல் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பணமாகப் பார்த்தால் கொழுத்த லாபம். ஆனால் அவர்களில் பலர் விற்கவே நினைக்காதவர்கள்.

“அப்ப டோர்ட்மண்ட்?” என்றான். எங்கேயோ படித்திருக்கிறான், ஜெர்மனியில் ரசிகர்கள்தான் முதலாளி என்று.

அதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. என்னிடம் 200 டோர்ட்மண்ட் பங்கு இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கொவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவன் என்னென்னவோ வாங்கினான். அந்தக் கிளப் 2000 அக்டோபரில் பிராங்பர்ட் சந்தைக்கு வந்தது, பங்கு ஒன்று 11 யூரோ. நான்கைந்து ஆண்டில் கடன் கழுத்தை நெரித்து, திவால் வாசல்வரை போய்த் திரும்பியது. போட்டிக் கிளப்பான பயர்ன் மியூனிக்கே 20 லட்சம் யூரோ கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்கு விலை அந்த 11 யூரோ பக்கம் நிலையாகத் திரும்பவே இல்லை. இந்தச் சில ஆண்டுகளாக 3, 4 யூரோவில் உலாவுகிறது.

ஜெர்மனியின் ‘50 கூட்டல் 1’ விதி கிளப்பின் தலைமை வாக்குரிமை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்கிறது. டோர்ட்மண்டில் அது இப்படி வேலை செய்கிறது: சந்தையில் விற்கிற கம்பெனியை நடத்தும் பொறுப்பு இன்னொரு சிறிய நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தச் சிறிய நிறுவனம் முழுக்க உறுப்பினர் சங்கத்துக்குச் சொந்தம். மேலாளர் யார், நிர்வாகி யார் என்பது அந்த வழியாகவே முடிவாகும். பங்குதாரர்களான எங்களுக்குக் கணக்கறிக்கை வரும், ஆண்டுக் கூட்டத்தில் சிலவற்றுக்குக் கை தூக்கலாம். ஆனால் சாவி உறுப்பினரிடம் இருக்கிறது. ரசிகர்தான் முதலாளி என்பது உண்மை. ஆனால் முதலாளியான அந்த ரசிகர் பங்கு வாங்கியவர் அல்லர், ஆண்டுச் சந்தா கட்டியவர். இது தெரியாமல்தான் நான் பங்கு வாங்கினேன்.

நவம்பர் கடைசியில் ஈவுத்தொகை வந்த கதையைக் கேளுங்கள். பங்குக்கு 6 சென்ட், 200 பங்குக்கு 12 யூரோ. ஜெர்மானிய வரி 26.375 விழுக்காட்டைக் கழித்தால் 8 யூரோ 83 சென்ட். அதில் தரகு நிறுவனம் ‘கையாளும் கட்டணம்’ என்று 5 யூரோ எடுத்துக்கொண்டது. மிஞ்சியது 3 யூரோ 83 சென்ட், நம் பணத்தில் ஐந்தரை வெள்ளி. ஒரு முட்டைப் புரோட்டாவும் ஒரு தேயும் சாப்பிடலாம். பிடித்த வரியில் ஒரு பகுதியை ஒப்பந்தப்படி திரும்பக் கேட்கலாம்தான். அதற்கான படிவத்தை அச்செடுத்து, சான்று வாங்கி, ஜெர்மனிக்குத் தபாலில் அனுப்பும் செலவை எழுதிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

காற்பந்துப் பங்கில் இன்னொரு வேடிக்கை, சனிக்கிழமை ஆட்டம் திங்கட்கிழமை விலையாகிறது. 2023 மே 27ஆம் தேதி டோர்ட்மண்ட் கடைசி ஆட்டத்தில் மைன்ஸை வென்றிருந்தால் லீக் கிண்ணம் கையில். 2-2 என்று சமனானது, கிண்ணம் பயர்னுக்குப் போயிற்று. சந்தை திறந்ததும் பங்கு கால்பங்குக்கு மேல் சரிந்தது. அன்று இரண்டு விதமாக அழுதவர்களில் நானும் ஒருவன். இதன் கோரமான முகத்தையும் அந்த ஊர் பார்த்திருக்கிறது. 2017 ஏப்ரலில் டோர்ட்மண்ட் அணியின் பேருந்தருகே குண்டு வெடித்து ஆட்டக்காரர் மார்க் பார்த்ரா கையில் காயம்பட்டார். பங்கு விலை விழுந்தால் தனக்கு லாபம் என்று பணம் கட்டியிருந்த ஓர் ஆள் செய்த வேலை அது. 14 ஆண்டு சிறை கிடைத்தது. ஒரு விளையாட்டு அணியைச் சந்தையில் தொங்கவிட்டால் இப்படியெல்லாம்கூட யோசிக்கிறவன் பிறப்பான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

யுவென்டஸ், அயாக்ஸ், செல்டிக் பங்குகளும் சந்தையில் உண்டு. யுவென்டஸில் ஆன்யெல்லி குடும்பத்தின் எக்ஸோர், அயாக்ஸில் தாய்ச்சங்கம், செல்டிக்கில் டெர்மட் டெஸ்மண்ட் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கை ஏற்கெனவே கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தனித்தனியாக அலச ஒன்றுமில்லை.

அடுத்தது பங்கே இல்லாமல் உரிமை கொள்கிற வழி. இங்கிலாந்தில் இதை ரசிகர் டிரஸ்ட் என்பார்கள், நம்மூர்க் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. ஆயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் சில பத்து பவுண்டு கொடுத்தவருக்கும் ஒரே வாக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏஎஃப்சி விம்பிள்டன். 2002இல் பழைய விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதித்தபோது, ரசிகர்கள் ஒரு பொது மைதானத்தில் ஆள் தேர்வு வைத்துப் புதிதாக அணி கட்டினார்கள். அடிமட்ட லீக்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2020 நவம்பரில் பிளவ் லேனில் சொந்த அரங்குக்குத் திரும்பினார்கள். அரங்கைக் கட்டி முடிக்கப் பணம் போதாதபோது வெளியிலிருந்து ஒரு பணக்காரரைக் கூப்பிடலாமா என்ற பேச்சு வந்தது. ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே கடன்பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக்கொண்டார்கள். பெரும்பான்மை இன்றும் அவர்கள் டிரஸ்டிடம்தான்.

எல்லா டிரஸ்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டு 2013இல் கிளப்பைக் காப்பாற்றினார்கள். நான்கே ஆண்டில் அமெரிக்கப் பணக்காரர் மைக்கேல் ஐஸ்னருக்கு 56 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்கு விற்கத் தாங்களே வாக்களித்தார்கள். மேலே ஏற வேண்டுமென்றால் பணம் வேண்டும், அது எங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்ட வாக்கு அது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. சுவான்சியில் டிரஸ்டிடம் 21 விழுக்காடு இருந்தது. 2016இல் மற்றப் பங்குதாரர்கள் அமெரிக்கர்களுக்கு விற்கப் பேசி முடித்தபோது, டிரஸ்டை அந்தப் பேச்சில் சேர்க்கவே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. நீ 90 பங்கு வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

ஜெர்மனியில் உறுப்பினர் வாக்குக்கு என்ன பலம் என்பதை 2024இல் பார்த்தோம். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கத் திட்டமிட்டார்கள். ரசிகர்கள் வாரா வாரம் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள், பிப்ரவரியில் லீக் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஹாம்பர்க்கின் செயின்ட் பவுலி கிளப் ரசிகர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பங்கு ஒன்று 750 யூரோ, மேலே 100 யூரோ கட்டணம். எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. 21,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் யூரோ போட்டார்கள். அந்தப் பணத்தில் அரங்கின் பெரும்பான்மை உரிமை கூட்டுறவுக்கு வந்தது. நான் பார்த்தவற்றுள் பங்கையும் குரலையும் ஒரே கவுண்டரில் கொடுக்க மிக நெருங்கி வந்தது இதுதான். லாபம் எதிர்பார்த்து யாரும் போட்ட மாதிரி தெரியவில்லை.

சிங்கப்பூரிலிருந்து டிரஸ்டில் சேர்வதில் ஒரு சின்னத் தொல்லை, நேரம். இரண்டு ஆண்டு ஓர் ஆங்கிலேய டிரஸ்டில் உறுப்பினராக இருந்தேன். கூட்டம் அவர்களுக்கு மாலை ஏழு மணி, குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை மூன்று. முதல் கூட்டத்தில் காணொளியில் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். முக்கால் மணி நேரம் கழிவறைச் சீரமைப்பைப் பற்றிப் பேசினார்கள். ஆடவர் பகுதியில் தண்ணீர் ஒழுகுகிறதாம், யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவு. நான் அந்தக் கழிவறையைப் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் வாக்கெடுப்பில் என் பெயரைக் கூப்பிட்டபோது மனசு நிறைந்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கிளப் என்றால் கடைசியில் அந்தக் கழிவறையும்தான். அதைப் பற்றிக் கேட்கிற உரிமை கிளேசருக்கு உண்டு, மான்செஸ்டர் பங்கு வைத்திருக்கிற என் மருமகனுக்கு இருக்காது.

தூரத்திலிருந்து உரிமை கொண்டாடுவதன் மறுபக்கத்தையும் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். 2007இல் இணையத்தில் ஒரு திட்டம் வந்தது: ஆளுக்கு 35 பவுண்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு கிளப்பை வாங்குவோம், அணியைக்கூட வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ நூறு வெள்ளி. கட்டினேன். 2008 பிப்ரவரியில் எப்ஸ்ஃபிளீட் யுனைடெட் எங்கள் கைக்கு வந்தது. எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன், கென்ட் பக்கம். அந்த மே மாதமே வெம்ப்ளியில் டார்கி அணியை 1-0 என்று வென்று, கீழ்நிலைக் கிளப்புகளுக்கான எஃப்ஏ டிராஃபியை வாங்கியது. அன்று அலுவலகத்தில் ‘என் கிளப் வெம்ப்ளியில் ஜெயித்தது’ என்று சொல்லித் திரிந்தேன். யாரும் நம்பவில்லை.

அணித் தேர்வு மேலாளரிடமே இருக்கட்டும் என்று உறுப்பினர்களே முடிவு செய்துவிட்டார்கள், நல்லவேளை. ஒரு வீரரை விற்கலாமா என்று ஒரு வாக்கெடுப்பு வந்தது. ஆளை நான் ஒருமுறைகூட ஆடிப் பார்த்ததில்லை. மதிய உணவு இடைவேளையில் ‘சரி’ என்று அழுத்திவிட்டு நாசி லெமாக் வாங்கப் போனேன். ஒரு மனிதனின் வேலை மாறுகிற விஷயம் எனக்கு இரண்டு விநாடி. அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க நான் மறந்தேன், ஆயிரக்கணக்கானவர்களும் மறந்தார்கள். முப்பதாயிரத்தை ஒட்டியிருந்த கூட்டம் சில ஆயிரமாகச் சுருங்கி, 2013இல் கிளப்பை வேறு கைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. விம்பிள்டனில் வாக்குப் போடுகிறவர் சனிக்கிழமை அதே இருக்கையில் உட்கார வேண்டியவர், தவறான முடிவின் மேல் அவரேதான் உட்கார வேண்டும். எனக்கு அந்த வலி கிடையாது. அந்த 35 பவுண்டில் நான் வாங்கியது ஒரு பொம்மை.

ரசிகர் டோக்கன் என்று இணையத்தில் விற்கிற மின்னிலக்க வில்லையைப் பற்றியும் கேட்டான். அதில் நேரம் செலவழிக்க நான் தயாராக இல்லை. பார்சலோனா, யுவென்டஸ், பிஎஸ்ஜி பெயரில் விற்கிறார்கள். கோல் விழுந்ததும் எந்தப் பாட்டைப் போடுவது, உடைமாற்றும் அறைச் சுவரில் எந்த ஓவியம் என்பதுபோன்றவற்றுக்கு வாக்களிக்கலாம். கிளப்பில் ஒரு துளி உரிமையும் கிடையாது, விலை மட்டும் மின்னிலக்க நாணயம்போல ஆடும். மின்னிலக்க நாணயத்தைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022இலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டது. பாட்டுக்கு வாக்குப் போட ஆசையென்றால் ஒலி 96.8 வானொலிக்கு ஃபோன் போடு, இலவசம் என்றேன்.

என் லிவர்பூலில் என்ன நடந்தது என்று அவன் திருப்பிக் கேட்டான், நியாயம்தானே. 2008இல் ரோகன் டெய்லர் என்பவர் ஒரு லட்சம் ரசிகர்கள் ஆளுக்கு 5,000 பவுண்டு போட்டு கிளப்பை வாங்கலாம் என்று அழைத்தார். கனவு நல்ல கனவு, அதோடு நின்றது. 2010இல் நம்மூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம்மும் லிவர்பூலைக் கேட்டுப் பார்த்தார், அமெரிக்கர்கள் முந்திக்கொண்டார்கள். 2014இல் அவர் ஸ்பெயினின் வலென்சியா கிளப்பில் 70.4 விழுக்காட்டை வாங்கினார். அங்கேயும் சின்னச் சின்னப் பங்குதாரர்கள் ஏராளம். பங்கு கையில் இருந்தும் அவர்கள் குரல் கேட்டது தெருவில்தான், ‘லிம், ஊருக்குப் போ’ என்ற மஞ்சள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு. நம் நாட்டுக்காரர் வாங்கினால் நமக்கு நெருக்கமாகிவிடும் என்று அப்போது நினைத்தவர்களில் நானும் உண்டு. வலென்சியா ரசிகர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, உள்ளூர்? இங்கேதான் அவன் கொட்டாவி விட்டான். அவன் தாத்தா, அதாவது என் அப்பா, காலாங் அரங்கில் கச்சாங் பூத்தே பொட்டலத்தோடு சிங்கப்பூர் ஆட்டக்காரர் ராஜகோபாலின் வாழைப்பழ உதை வளைவதைப் பார்த்தவர். 1994இல் ஃபாண்டி அகமது தலைமையில் மலேசியக் கிண்ணம் வந்த இரவு எங்கள் புளோக்கே தூங்கவில்லை. இவனுக்கு அதெல்லாம் பழங்கதை.

பங்கு என்று பார்த்தால் இங்கே வாங்க ஒன்றுமில்லை. நம் கிளப்புகள் பெரும்பாலும் சங்கமாகப் பதிவாகி வளர்ந்தவை. சங்கத்தில் செயற்குழு இருக்கும், பங்கு இருக்காது. 2020இல் ஹோம் யுனைடெட்டை, ஷொப்பி இணையக் கடையை நடத்தும் சீ குழுமம் எடுத்து லயன் சிட்டி செய்லர்ஸ் ஆக்கியது, இங்கே தனியார் கைக்குப் போன முதல் கிளப் அது. சீ குழுமத்தின் பங்கும் நியூயார்க்கில் விற்கிறது. வாங்கினால் ஷொப்பியில் ஒரு துளி கிடைக்கும், செய்லர்ஸ் அணியில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காது. ஆனால் 2025 மே மாதம் பீஷானில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் நடந்தபோது, உபரி நேரத்தில் சமன் செய்து, அதே உபரி நேரத்தில் ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றார்களே, அந்த அரங்கிலிருந்து வெளியே நடந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களிடம் போய் ‘உங்களிடம் பங்கு இருக்கிறதா’ என்று கேட்டால் அடித்திருப்பார்கள்.

செயின்ட் பவுலி மாதிரி இங்கே ஒரு கூட்டுறவு வராதா என்று எனக்கு நெடுநாள் ஆசை. கூட்டுறவு நமக்குப் புதிதில்லை. 1973இல் தோ பாயோவில் தொடங்கிய கடைதான் இன்றைய ஃபேர்பிரைஸ். அம்மா அதில் உறுப்பினர், ஆண்டுக்கு ஒருமுறை வருகிற தொகையை லாட்டரி விழுந்த மாதிரி சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஆனால் கணக்குப் புத்தி குறுக்கே வருகிறது. ஹாம்பர்க் ரசிகர் பணம் ஓர் அரங்கில் போய் நின்றது. இங்கே அரங்குகள் அரசாங்கத்துக்குச் சொந்தம், கிளப் வாடகைக்கு ஆடுகிறது. கூட்டுறவு வைத்துப் பணம் திரட்டினால் எதை வாங்கி நிறுத்துவது? ஒரு பருவத்துச் சம்பளத்தில் கரைந்துவிடும். அதற்கு வழி தெரிகிறவரை, உள்ளூரில் பங்கு என்பது நுழைவுச்சீட்டுதான்.

கடைசியில் அவன் கேட்டது, “நீங்க என்ன செய்வீங்க மாமா?”

பணம் பெருக வேண்டுமென்றால் காற்பந்தை விட்டுவிடு, சிங்கப்பூரின் பெரிய நிறுவனப் பங்குகளை மொத்தமாக வாங்குகிற எஸ்டிஐ குறியீட்டு நிதியில் மாதா மாதம் போடு என்றேன். கிளப் விவகாரத்தில் பேச்சு எடுபட வேண்டுமென்றால், நேரில் போய்ப் பார்க்க வாய்ப்புள்ள ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேர். மேற்படிப்புக்கு ஜெர்மனியோ இங்கிலாந்தோ போகிற எண்ணம் இருக்கிறதல்லவா, அப்போது சேர்ந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. இங்கே உட்கார்ந்துகொண்டு சேர்ந்தால் நீயும் மதிய உணவு நேரத்தில் யாரோ ஒருவரை விற்றுவிட்டு வருவாய். ஆசைக்குத்தான் என்றால் மான்செஸ்டர் பங்கு பத்து வாங்கு, தொண்ணூறு வேண்டாம். ஆண்டுக் கூட்ட அறிவிப்பு பத்துப் பங்குக்கும் வரும்.

பத்தே பத்து வாங்கினான். மிச்சத்தில் ஒரு பகுதி குறியீட்டு நிதிக்கு, ஒரு பகுதி அவன் அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி மாற்றுவதற்கு. அக்கா என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னாள், நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜாலான் புசார் அரங்குக்கு உள்ளூர் ஆட்டம் பார்க்க அவனை இழுத்துக்கொண்டு போனேன். முற்பாதி மந்தம்தான். ஆனால் எங்களுக்கு நேர்முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், இடது பின்காவல் வீரர் ஒருவர் பந்தை வெளியே அடித்துவிட்டுத் தமிழில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இடைவேளையில் பழக்கதோஷத்தில் கைப்பேசியை எடுத்துப் பங்கு விலையைப் பார்த்தான். மணி எட்டேகால், நியூயார்க் சந்தை இன்னும் திறக்கவில்லை.